பெயின்ட் அடித்த பெயர்ப்பலகை

1.
இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

‘கொட்டகலையில் அன்று மழை.’ (அடித்துவிட்டேன். என்றுதான் மழை இல்லை?)

‘ஜீவராஜ் ஒரு பேராசைக்கார—’ (இதையும். அவர் என் தங்கை பிரியந்தியின் புருஷன். வாசிப்பார்.)

2.
எங்கள் தேயிலைத் தோட்டம் மூன்று முறை கைமாறியது. மூன்று முறையும் முதலில் பெயர்ப்பலகைக்குத்தான் பெயின்ட் அடித்தார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை அப்படியே ஒழுகுகிறது. “யார் பொய் சொன்னாலும் பெயின்ட் பொய் சொல்லாது” என்று போன மாதம் சாப்பிடும்போது பெரிய தத்துவம் போலச் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாரம் ஜீவராஜ் மோட்டார் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனார். டெங்குவுக்கு மருந்து ஆராயும் ஒரு சின்னக் கம்பெனியின் வாசலில் ஏணி வைத்துப் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிறதென்று யூடியூபிலும் பேச்சு. பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்து வேலையை விட்டு நின்றபோது பிரியந்திக்குக் கிடைத்த சேவைக்காலப் பணம் முழுவதும் அந்தக் கம்பெனியின் பங்குகளாகிவிட்டது. கூரை மாற்ற வைத்திருந்த பணம். அண்ணன் சொன்னதாயிற்றே என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

* கம்பெனியின் பெயரை மறைத்திருக்கிறேன். பெயின்ட் நீலம்.

3.
ஜீவராஜை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. [பாத்திரமாகத்தான்.] இவ்வளவு நம்பிக்கையுள்ள ஆளை வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

“நீங்க சொன்னதுதானே மச்சான்?” என்றார்.

“அது சும்மா பேச்சுக்கு மச்சான்.”

“பேச்சுக்குன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

4.
முடிவு அ: யாரும் வாங்கவில்லை. அது வெசாக் பண்டிகைக்கு அடித்த பெயின்ட்.

முடிவு ஆ: பெரிய கம்பெனி வாங்குகிறது. பங்கு இரண்டு மடங்கு. கூரை வருகிறது.

ஆ-வைப் பிரியந்தியிடம் வாசித்துக் காட்டினேன். ஒழுகலுக்கு வைத்த வாளியை ஊற்றிவிட்டு வந்து கேட்டாள்.

“வாங்குனா, அங்க வேலை செய்ற புள்ளைங்கள என்ன செய்வாங்கண்ணே?”

“பாதிப் பேர வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க. அதுக்குத்தான் வெலை ஏறுது.”

“அவங்களுக்குச் சர்வீஸ் பணம் குடுப்பாங்களா?”

முடிவு ஆ எழுதிய தாளை மடித்தேன். வெட்கமாக இருந்தது.

5.
வாங்குகிறார்களா இல்லையா என்ற அறிவிப்பு திங்கட்கிழமை. ஞாயிறு காலை ஜீவராஜ் கோயிலில் கம்பெனி பெயருக்கு அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். கம்பெனியுடையது தெரியாததால் பிரியந்தியுடையதைச் சொன்னார். அவள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

திரும்பும் வழியில் கேட்டேன்.

“என்ன வேண்டிக்கிட்ட?”

“...............”

வாசகரே, அவள் பதிலுக்கான அந்தப் புள்ளியிட்ட இடம் உங்களுக்கு. எழுதுமுன் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். கூரை தாளில் சொட்டுகிறது.