கோணிப்பையில் வந்தவர்

1

அன்று சேரப்பணஞ்சேரி வீட்டில் இருந்தவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவரான தணிகாசலம், இறந்துபோன அவர் தம்பியின் மனைவி கிளியம்மாள், அவள் மகள் கலைமதி, கழனி மோட்டார் பார்க்கும் எல்லப்பன். ஐந்தாவதாக, ஒரு கோணிப்பைக்குள், பெயர் தெரியாத ஒருவர்.

முதலில் ‘நான்’ என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் தணிகாசலம் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அதைத் திருத்தத்தான் இந்தக் கதை. [வேறு காரணமும் உண்டு.]

2

1991, கார்த்திகை, ஒரு வியாழக்கிழமை. கலைமதி மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. எலும்பைக் கையில் கொடுத்து, இடமா வலமா, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று கேட்பார்கள். அதற்காகச் சீனியரிடம் எலும்புகளை வாங்கி, ஒரு கோணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நெஜ எலும்பா?” வாசலிலேயே மறித்தார் தணிகாசலம்.

“ஆமா பெரியப்பா. நம்ம ஒடம்புல இருக்கறதுதான்.”

“யாரு பெத்த புள்ள? இன்னா ஊரு? இன்னா சாதி?”

“தெரியாது. காறை எலும்புல அதெல்லாம் எழுதி வெக்க மாட்டாங்க, பெரியப்பா.”

எல்லப்பன் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கினான்.

காரியம் நடக்காத பிணத்தின் எலும்பு படி ஏறாது என்றார் தணிகாசலம். தொட்டவளும் குளிக்காமல் ஏறக்கூடாது.

“அப்போ நானும் இவரோட வெளியவே இருந்துக்கறேன்.”

மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டாள். [இன்று கம்பெனி பஸ்கள் திரும்பும் இடம் அது.]

3

இங்கே, ‘பெரியவர் மனம் இளகியது’ என்று எழுதி அடித்தேன். இளகவில்லை. ஆனால் பார்த்தார். தூறலில் கதவைத் திறந்துபோட்டு, ஒவ்வோர் எலும்பையும் தன் உடம்போடு ஒத்துப்பார்த்து, தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளியம்மாள் சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை அவள் ஜெராக்ஸ் எடுக்கப் படப்பைக்குப் போனாள். தணிகாசலம் கோணிப்பையை எல்லப்பன் தலையில் ஏற்றினார்.

“பாப்பா வந்து கேட்டா இன்னா சொல்றது, ஐயா?”

“கரையேத்தியாச்சுன்னு சொல்லு.”

வாலாஜாபாத்தில் பாலாறு ஓடிக்கொண்டிருந்தது. பாலும் எள்ளும் தயார். புரோகிதர் பெயரும் கோத்திரமும் கேட்டார். தணிகாசலம் கோணிப்பையின் வாயை அவிழ்த்தார்.

“எங்க வூட்டுப் புள்ளதான். எங்க கோத்திரத்தையே சொல்லுங்க.”

இந்த வாக்கியத்தை நான் புனையவில்லை.

4

முடிவு ஒன்று: கலைமதி காலிக் கொட்டகையைப் பார்க்கிறாள். பெரியவர் சட்டையைக் கழற்றி, “இதுல காட்டு, காறை எலும்பு எங்க கீது?” என்று தோளைக் கொடுக்கிறார். அவள் விரலை வைத்துப் பாடம் சொல்கிறாள்.

எனக்குப் பிடித்த முடிவு. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: தணிகாசலம் அவளிடம், “நான் பண்ணது

இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை. மூன்று நோட்டுகளில் முயன்றாயிற்று.

நடந்தது இது. எல்லப்பன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் அழவில்லை, கத்தவில்லை. தன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

“அவரு நம்ம வூட்டுப் புள்ளன்னா, ஏன் பெரியப்பா வூட்டுக்குள்ள வுடல?”

ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

5

அவளைக் கிளியம்மாள்தான் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறாள். ஒருநாள் திரும்பி வந்து, கதவைப் பார்த்து, “தேறிட்டாளாம்” என்றாள். அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

எழுதும்போது இடக்கை தானாகக் கழுத்துக்குக் கீழே போய் அந்த எலும்பைத் தேடுகிறது. எங்கே தொடங்குகிறது என்று சொல்லித்தர ஆளில்லை. முடிவு ஒன்றை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உரிமை இல்லை.

பேச்சைத் திருத்த வேண்டும். பெரியப்பன் எலும்பை ஆற்றில் விட்டதால் பெண் தேர்வில் தோற்றாள், அந்த வெட்கத்தில் ஊர்ப்பக்கம் வருவதில்லை என்கிறார்கள். தவறு. கலைமதி முதல் முறையிலேயே தேறினாள். அவள் வராததற்குக் காரணம் தேர்வு அல்ல.