ரோஸ்வித்தாவின் மேல் விழுந்த பனி

எங்கள் ஊரான ஆல்ட்டன்ரோடாவில் வருஷக்கணக்காக எட்டிப்பார்க்காத பனி, பிரேமனிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வந்த ரோஸ்வித்தா என்ற பெண்மணியின் மேல் மட்டும் ஒரு சனிக்கிழமை மாலை கொட்ட ஆரம்பித்தது. ஒரு குடை விரிகிற அளவு இடம்தான். பக்கத்தில் நின்றவர்களின் தோளில் வழக்கமான டிசம்பர் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் அவள் கணவன் எக்கார்ட். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை என்பதால், வார இறுதிக்கு வெளியூர் என்று அவன் சொன்னதுமே அவள் புதிதாகச் சிவப்புக் கையுறை வாங்கிக்கொண்டாள். சந்தைக்கு வருகிற எல்லோரும் செய்வதை அவர்களும் செய்தார்கள். மரத்தில் செதுக்கிய தேவதைகளை விலை கேட்டு வாங்காமல் வைத்தார்கள். கரியில் சுட்ட சாசேஜை நின்றபடியே தின்றார்கள். பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய ஒயினை ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் பேராலயத்துக்கு எதிரே இருந்த ராட்டினத்தில் ஏறினார்கள். கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றபோது அவர்கள் உச்சியில் இருந்தார்கள். எக்கார்ட் அங்கே வைத்துத்தான், தனக்கு வேறொருத்தி இருப்பதையும் ஜனவரியில் அவளோடு குடியேறப் போவதையும் சொன்னான்.

"இதச் சொல்லவா என்னை இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தே?"

"வீட்ல சொன்னா நீ அழுவே. இங்கன்னா நாலு பேர் இருப்பாங்க. கீழ பாரேன், எவ்வளவு அழகா இருக்கு."

அவள் அழவில்லை. இறங்கி நாலு அடி வைத்ததும் பனி தொடங்கியது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எக்கார்டும் பழக்கதோஷத்தில் போனை எடுத்து, "அப்படியே நில்லு, கொஞ்சம் சிரி" என்று படம் பிடித்தான். மறுநாள் ரயிலில் அவள் உட்கார்ந்த இருக்கையிலும் பனி குவிந்தது. மற்ற பயணிகளின் பெட்டிகள் நனைவதாகச் சொல்லி, ரயில் கிளம்பும் முன்பே நடத்துனர் மரியாதையாக அவளை இறக்கிவிட்டார். எக்கார்டுக்கு ஜன்னலோர இருக்கை பதிவாகியிருந்தது. அவன் போய்விட்டான்.

சந்தை நிர்வாகி ஹார்ட்விக் நிலையத்துக்கே வந்து அவளை அழைத்துப் போனார். "ஹோட்டல் ரூம் எங்க பொறுப்பும்மா. பண்டிகை முடியற வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன்" என்றார். பண்டிகை முடிந்தது, அவள் போகவில்லை. கோடையில் பனி குறைந்து, பொடுகுபோலத் தோளில் மட்டும் உதிரும். டிசம்பரில் பழையபடி கொட்டும். அவள் காலடியில் குழந்தைகள் பனிப்பொம்மை செய்தார்கள், புதுமணத் தம்பதிகள் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். டென்மார்க்கிலிருந்துகூடப் பேருந்துகள் வந்தன. நிற்கக் கால் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, உட்கார்ந்தால் பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டோம்.

அவளுக்குப் பக்கத்தில் சர்க்கரைப் பாகில் பாதாம் வறுக்கும் கடை போட்டிருந்தவன் ஃபோல்க்மார், மனைவியை இழந்தவன். ஒருநாள் அவளிடம் சூடான பொட்டலத்தை நீட்டி, "என்ன இன்னிக்கு கம்மியா விழுது? மேல இருக்கறவங்க வேலைநிறுத்தமா?" என்றான். அவள் சிரித்துவிட்டாள். பனி இன்னும் மெலிந்தது. ஹார்ட்விக் அதைக் கவனித்துவிட்டார். மறுவாரமே, பாதாம் வாசனை ஜனங்களுக்குத் தலைவலி கொடுக்கிறது என்று சொல்லி, அந்தக் கடையைக் கழிப்பறைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் கடைகள் இருந்தன.

ஆனால் ரோஸ்வித்தா தினமும் காலையில், சந்தை திறக்கும் முன்னால், அந்தக் கழிப்பறைப் பக்கம் போய்க் கருகிய பாதாம் தின்றுகொண்டு நின்றாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் மேல் ஒரு துகள்கூட விழவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இந்தப் பொம்பளையப் பாக்கவா விடியக்காலைல கிளம்பினோம்?" என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். கூட்டம் கலைந்து ராட்டினத்துப் பக்கம் நகர்ந்தது. அவள் உலர்ந்த கோட்டோடு தனியாக நின்றாள். ஃபோல்க்மார் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான்.

"கோத்தா நகரத்துல எங்க அக்கா வீட்டு மாடி காலியா இருக்கு. வந்துடு, இன்னிக்கே போயிடலாம்."

அவள் நகர்ந்துகொண்டிருந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னை யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

"நீ ஒருத்தன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் புருவத்தில் ஒரு பனித்துகள் வந்து உட்கார்ந்தது. அவள் உணரும் முன்பே அவன் அதைப் பார்த்துவிட்டான். தன் கடைக்குத் திரும்பி அடுப்பை அணைத்தான். அடுத்த வருஷம் அந்த இடத்தில் கம்பளிக் காலுறை விற்றார்கள்.

அன்று மாலை கொட்டிய பனியைப் போல நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அவள் முழங்கால் வரை புதைந்து நின்றாள், போன கூட்டமெல்லாம் திரும்பி வந்தது, சந்தையை ஜனவரி வரை நீட்டித்தோம். அதற்குப் பிறகு பனி ஒரு வருஷமும் தப்பவில்லை, கோடையிலும் குறையாமல் கொட்டுகிறது. இப்போதெல்லாம் காலையில் உள்ளூர் வானொலியில் வானிலை சொல்பவர், நகரில் லேசான தூறல், ரோஸ்வித்தாவுக்குக் கனத்த பனி என்று ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போக்குவரத்துச் செய்திக்குப் போய்விடுகிறார்.