லண்டனில் இருக்கும் மகள்

2016இல் எனக்கு இரண்டு இடங்களில் சட்ட மாஸ்டர் படிக்க அனுமதி கிடைத்தது. ஒன்று லண்டன். மற்றது, சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய லுசேர்ன்.

"லண்டனிலை நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குத்தான் இடம். லுசேர்னிலை பச்சலர் முடிச்ச எல்லாரையும் எடுக்கிறாங்கள். கேட்டவைக்கெல்லாம் குடுக்கிறது ஒரு படிப்போ?" என்றார் அப்பா.

சுவிஸில் வழக்கறிஞராக சுவிஸ் மாஸ்டர் வேண்டும். லண்டனில் படிக்கும் ஒரு வருடம் இங்கே பரீட்சை எழுத உதவாது. எத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அப்பாவுக்கு, பலரை வாசலில் திருப்பி அனுப்பினால்தான் அது பல்கலைக்கழகம். நான் முடிவெடுக்க முன்பே திரிம்பாக் கோயிலில் என் பெயருக்கு அருச்சனை செய்து, சனத்துக்கெல்லாம் லட்டுக் கொடுத்து, "ரிஷானி லண்டன் போறாள்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான் லுசேர்னைத் தேர்ந்தேன். அப்பா கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த விஷயத்தில் நான் அவர் மகள்தான். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "சரி பிள்ளை. ஆனால் ஒரு வருசத்துக்குக் கோயில் பக்கம் வராதை. தமிழ்க் கடைக்கும் போகாதை. நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றார்.

வந்த கோபத்தில் அன்றே பெட்டியைக் கட்டி, லுசேர்னில் ஓர் அறைக்குப் போய்விட்டேன். அம்மா மட்டும் கறி கொண்டுவந்து தந்துவிட்டுப் போவா. லண்டனில் எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா கோயிலில் அளந்துகொண்டிருப்பதை அவதான் சொன்னா. சிரித்தேன். அம்மா போனபிறகு அழுதேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் லுசேர்ன் ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றேன். அப்பாவும், அவரோடு பக்டரியில் வேலை செய்யும் சந்திரகுமார் மாமாவும் எதிரே வந்தார்கள். ஒதுங்க இடமில்லை. அப்பா நன்றாக மெலிந்திருந்தார். என் கோபமெல்லாம் எங்கோ போய், "அப்பா" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"அண்ணை, உங்கை நிக்கிறது உங்கடை மகளெல்லோ?" என்றார் மாமா.

அப்பா என்னை நேராகப் பார்த்தார்.

"சீச்சீ, அவள் லண்டனிலையெல்லோ. உது வேறை ஆற்றையோ பிள்ளை."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு சொல் தமிழில் சொன்னால் போதும், அவர் இனிக் கோயிலில் தலைகாட்ட முடியாது.

"எக்ஸ்கியூசி" என்று சுவிஸ்காரி மாதிரிச் சொல்லிக்கொண்டு அவர்களைக் கடந்தேன். முன்பின் தெரியாத ஒருத்திக்கு விடுவதுபோல, அப்பா மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.