ரோசலின் தூக்கிய பாரம்

1991இல் ரோசலினுக்கு ஐம்பத்தொரு வயது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆறு வருடமாக இருமல். காசநோய் இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி நுரையீரலில் குடியிருந்தது. மருந்து அதை அடக்கியதே தவிர விரட்டவில்லை.

அந்த வருட ஸ்கேன் படத்தில் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா நுரையீரலை விட்டுவிட்டு முதுகெலும்பின் இருபக்கமும் விரலை ஓட்டினார்.

"இது தசை. போன வருஷத்தைவிட மெலிஞ்சிருக்கு. தசை கரையிறவங்களுக்குத்தான் இந்த நோய் வேகமா முத்துது. எதனால எது வருதுன்னு எனக்கே நிச்சயமா தெரியாது. ஆனா நல்லா சாப்பிடுங்க, பாரம் தூக்குங்க."

"பாரமா? நான் டைப்பிஸ்ட், டாக்டர்!"

"தெரியுது. விரல்ல மட்டும்தான் தசை மிச்சம் இருக்கு."

வீட்டில் கணவர் வில்லியம் தினமும் நான்கு முட்டை அவித்தார். அவள் ஒன்றைத் தின்றாள். வீணாகக் கூடாதென்று மூன்றை அவர் தின்றார். இரண்டு மாதத்தில் அவர்தான் மூன்று கிலோ ஏறியிருந்தார்.

எரிச்சலோடு ரோசலின் அடுத்த தெருவில் இருந்த யூசுப்பின் ஜிம்முக்குப் படியேறினாள். உள்ளே எல்லாரும் ஆண்கள். சட்டையில்லாத ஒருவன் அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டான்.

"அக்கா, இங்க பொம்பளைங்க வர்றதில்லையே," என்றார் யூசுப்.

"அதான் நான் வந்துட்டேன்லா."

சொல்லி முடிக்குமுன் இருமல் வந்தது. ஆட்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அவள் கைப்பையிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை யூசுப் சத்தமாகப் படித்து, மலாய் மொழியிலும் ஒருமுறை சொன்னார்.

முதல் நாள் இரண்டு கிலோவை எட்டு முறை தூக்கினாள். மறுநாள் கை தலைக்கு எழும்பவில்லை. வில்லியம்தான் தலை வாரிவிட்டார். கோணல் வகிட்டோடு ஆபீஸ் போனாள்.

நான்காம் மாதம் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். சேர்த்ததெல்லாம் கரைந்துவிட்டதென்று அழுதாள். ஒரு மாலை யூசுப் இரண்டு கிலோ டம்பெல்லோடு வாசலில் நின்றார்.

"பசங்க உங்களைத் தேடுறானுங்க அக்கா. நீங்க இல்லாம எல்லாரும் கெட்ட வார்த்தை பேசுறானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே தூக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஆண்டு ஸ்கேனில் முதுகுத் தசை நன்றாகத் தேறியிருந்தது. நுரையீரலில் கிருமி உண்டாக்கியிருந்த திட்டு வளரவில்லை.

"கிருமி போகலை. ஆனா ஒரு அடி நகரவும் இல்லை," என்றார் டாக்டர்.

"அப்போ நிறுத்திடலாமா?"

"பாரத்தையா?"

"ஐயோ, மாத்திரையை!"

"ரெண்டையும் விடக்கூடாது," என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்தில் ரோசலின், கூட வந்திருந்த வில்லியமின் கையைப் பிடித்தாள்.

"பசிக்குதுங்க."

ஏழு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்காத வார்த்தை. வந்த பஸ்ஸைப் போகவிட்டு, நாசி கண்டார் சோற்றுக் கடைப் பக்கம் நடந்தார்கள்.