மாஸ்டரின் கை

தந்தி என்றாலே, பிரித்துப் பார்ப்பதற்குள் வீட்டில் அழுகை தொடங்கிவிடும் காலம் அது. அந்தச் சிற்றூர்த் தந்தி ஆபீஸ் மாஸ்டருக்கு இரண்டு வருஷமாக வலது கை விரல்கள் வெடவெடத்தன. அடித்து அடித்தே வந்த வியாதி. ஆபீசுக்குப் பின்கட்டில்தான் வீடு. மெஷின் சத்தத்தைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி, கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக அடித்தாள். அவர் ஜன்னலில் நின்று, ஜனங்கள் எழுதிக் கொடுத்த காகிதங்களை வாங்கி அவளிடம் போட்டார்.

பெண்கள் மெஷினைத் தொடக்கூடாது என்பது சட்டம். தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். அவளுக்கோ மெஷின் போய்விடுமே என்பதுதான் பயம். சமையலறையில் அவளை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. முகம் பார்க்காத ஆபரேட்டர்கள், அடிக்கும் விதத்தை வைத்தே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதற்குக் ‘கை’ என்று பெயர். தலைமை ஆபீஸ் ஆபரேட்டர் தினமும் கம்பியில் உருகுவான்: "மாஸ்டர் கைன்னா கைதான்!"

யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். சோதனை அதிகாரி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, காத்திருந்த ஜனங்களிடம் அளந்தார்.

"முப்பது வருஷக் காதுய்யா இது. பொம்பள கைய ஒரே வரியில கண்டுபிடிச்சிடுவேன்."

உள்ளே மாஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. மனைவியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டுத் தானே அடிக்க உட்கார்ந்தார். மெஷின் திக்கியது, திணறியது. எதிர்முனை எரிந்து விழுந்தது: "யாரது? மாஸ்டரைக் கூப்பிடு!"

அதிகாரி துள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பொம்பள கை! எங்க அவ?"

நாற்காலியில் மாஸ்டர்தான் இருந்தார், மீசையும் வியர்வையுமாக. "நான்தாங்க சார் அடிச்சேன்."

"யாருக்குய்யா காது குத்துற? அவள உள்ள துரத்திட்டு நீ வந்து உக்காந்துட்ட!"

கதவோரம் நின்றவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் திணறலைத் தன் தலையில் கட்டியதும் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அது என் கை இல்லீங்க. இதுதான்."

கணவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து அடித்தாள். உடனே பதில் வந்தது: "அப்பாடா, வந்துட்டீங்களா மாஸ்டர்!"

அதிகாரியின் முகம் வெளுத்தது. பொம்பள கை என்று பிடித்தது மாஸ்டரின் கையைத்தான் என்று ஒப்புக்கொண்டால் முப்பது வருஷக் காது அம்பேல். வாசலில் அத்தனை பேர் வேறு. ஜன்னலைச் சாத்திவிட்டு, மடமடவென்று எழுதி அவளிடமே நீட்டினார். வேறு யார் அடிப்பது?

"தலைமை ஆபீசுக்கு இப்பவே அனுப்பும்மா."

அவள் அடித்தாள்: ‘மாஸ்டரின் கை மிக அருமை. மெஷினில் ஒரு பெண் தடுமாறியதை நேரில் பிடித்தேன். இனி அவளை அறைக்குள் விடக்கூடாதென உத்தரவிட்டேன்.’

ஒரு பிழை இல்லை. மெஷின் தப்பிய சந்தோஷம் இருந்தாலும், ‘தடுமாறியதை’ என்ற வார்த்தையை மட்டும் வேண்டாவெறுப்பாகத்தான் அடித்தாள். அதிகாரி குடையை இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எதிர்முனை கேட்டது: "அதானே பாத்தேன்! பொம்பள அடிச்சா அப்படித்தான் இருக்கும். விரட்டியாச்சா?"

"ஆமான்னு சொல்லிடும்மா. வம்பு வேணாம்," என்று கெஞ்சினார் கணவர்.

அவள் நிதானமாக அடித்தாள்: "இல்ல. இப்ப அடிக்கிறதே அவதான்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு பதில் வந்தது.

"மாஸ்டருக்கு எப்பவும் கிண்டல்தான். அடுத்த தந்தியப் போடுங்க."