ஓதோ இறுக்கிய போல்ட்டுகள்

'லூசன்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ரடோமீரா ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாமாக இருந்தால் எதற்கும் 'லூஸ் பண்ணு' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவள் தொகுக்கும் ஆங்கில–செக் மொழி அகராதியில் அந்தச் சோம்பேறித்தனம் செல்லாது. திருகாணிக்கும் பெல்ட்டுக்கும் பொவொலித், கையின் பிடிக்கும் தசைக்கும் உவொல்னித், முடிச்சுக்கு ரொஸ்வாசத், தோட்டத்து மண்ணுக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். மே மாதம் கணவர் ஓதோ இறந்தபிறகு அந்த வீட்டில் கேட்கும் பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிழைத்தாள். மலைமேல் மகள் ஹெட்விகா வீட்டில் சூப்பு, வாத்துக்கறி, பேரனின் கூச்சல். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டினாள்.

அதற்கும் வந்தது வினை. "இங்க பனி கொட்டுதும்மா. கோடை டயர் பனியில வழுக்கும், அதோட மலை ஏறாத, சொல்லிட்டேன். பனிக்கால டயர மாட்டிட்டு வா," என்றாள் மகள் போனில். டயர் கடையில் கேட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதுவரை யாரோடு பேசுவது? சனிக்கிழமை காலை ஓதோவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து பனிக்கால டயர் போட்ட சக்கரங்களை உருட்டி வந்தாள். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு குபீச்செக் இலை கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ராட்டினம் நல்லாத்தான் சுத்துது ரடோமீராம்மா. டிக்கெட் எவ்வளவு?"

"கிண்டல விட்டுட்டு என்ன தப்புன்னு சொல்லுங்க."

"சக்கரம் தரையில இருக்கறப்பவே போல்ட்ட லூஸ் பண்ணணும். அப்புறந்தான் தூக்கணும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. 'வண்டியைத் தூக்கும் முன் போல்ட்டுகளைத் தளர்த்தவும்.' 'லூசன்' என்ற சொல்லுக்கு அவளே எழுதிய எடுத்துக்காட்டு. நேற்றுத்தான் சத்தமாகப் படித்தாள்.

"நல்லா அகராதி எழுதறேன் போங்க," என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டியை இறக்கினாள்.

இப்போது சக்கரம் சுற்றவில்லை. போல்ட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஏப்ரலில் கோடைச் சக்கரம் மாட்டும்போது ஓதோ ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கியிருந்தார். "ராட்சசா, போதும். அப்புறம் இத எவன் கழட்டுவான்?" என்று அவள் சன்னலிலிருந்து கேட்டாள். "நான்தான்," என்றார் அவர்.

குபீச்செக் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பானர் பிடியில் செருகினார். "நகருங்க, நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம்."

அவளே உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். கிரீச்சென்று போல்ட் விட்டது. அது அவர் இறுக்கியது. அதைத் தன் கையாலேயே தளர்த்திவிட்டோமே! ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாள். குபீச்செக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மற்றவற்றையும் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, பனிக்காலச் சக்கரங்களை ஒவ்வொன்றாக மாட்டி முடிக்க மதியமாகிவிட்டது. வண்டியை இறக்கித் தன்னால் முடிந்த மட்டும் இறுக்கினாள். குபீச்செக் ஸ்பானர்மேல் காலை வைத்தார்.

"ஒரு மிதி மிதிச்சிடறேன். ஓதோ அப்படித்தான் செய்வாரு."

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் பலத்துக்கு இறுகினா போதுங்க. ஏப்ரல்ல இதக் கழட்டப்போறது நான்தான்."