இரண்டு சின்ன ஹார்ன்

என் மனைவி சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து எனக்கு பஸ் ஓட்டுவதில் நிம்மதி போய்விட்டது. பதினெட்டு வருஷமாக இதே வழித்தடத்தில் ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்களை அதுவரை நான் மனுஷர்களாகவே மதித்ததில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒதுங்கச் சொல்லி ஹார்ன் அடிப்பேன், ஒதுங்காவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இப்போது எந்த சைக்கிளைப் பார்த்தாலும் அவள் முதுகுதான் தெரிகிறது.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவாள். ஆஸ்பத்திரியை ஊரின் மறுகோடிக்கு மாற்றியதும், "உங்க பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதுக்கு சைக்கிளே தேவலை" என்றாள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். பஸ்ஸின் முன்சக்கரத்தை ஒட்டி ஓர் ஆள் வந்தால் எங்கள் சீட்டிலிருந்து தெரியவே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப தெரியற மாதிரி ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். பளிச்சென்று ஒரு மஞ்சள் சட்டை, ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் வாங்கிவிட்டாள். பிடிவாதத்தில் என் மாமனாரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

காலையில் பெரிய சாலையில் இருவரும் ஒரே நேரத்தில்தான் இருப்போம். அதனால் நானே ஒரு யோசனை சொன்னேன். அவளுக்குப் பின்னால் வந்ததும் சின்னதாக இரண்டு முறை ஹார்ன் அடிப்பேன். வருவது நான்தான், பின்னால் யாரையும் விடமாட்டேன், தாராளமாகப் போ என்று அர்த்தம். அவள் திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓரத்தில் நிற்கும் வண்டிகளைச் சுற்றி நடுவுக்கு வருவாள். நான் ஊர்ந்துகொண்டே பின்னால் போவேன்.

"அண்ணிக்கு போலீஸ் பாதுகாப்பாண்ணே?" என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றைக்கு எங்கள் நடுவில் ஒரு தண்ணீர் லாரி புகுந்துகொண்டது. வளைவில் திரும்பும்போது லாரிக்கு முன்னால் மஞ்சள் சட்டை தெரிந்தது. அவளுக்குச் சற்று முன்னே, பாலத்துக்கு ஏறும் இடத்தில், பழுதான வேன் ஒன்று ஓரத்தில் நின்றது. லாரிக்காரர் அவளை ஒதுங்கச் சொல்லி ஹார்ன் அடித்தார். சின்னதாக, இரண்டு முறை. பஸ்ஸோ லாரியோ, காற்று ஹார்ன் எல்லாம் ஒரே சத்தம்தான்.

அவள் கை மேலே போனது.

வேனைச் சுற்ற இப்போது நடுவுக்கு வருவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்க்காமல் வரப் பழக்கியவனே நான்தான். ஹார்னுக்குப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. அடித்தால் 'நான்தான், வா' என்றல்லவா அவள் காதில் விழும்? லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. கடவுளே, கட்டிய பொண்டாட்டியை எச்சரிக்க எனக்கு ஒரு சத்தம்கூட மிச்சமில்லையே.

வேறு வழி தெரியாமல் அழுத்தினேன். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. "அண்ணே, என்னாச்சுண்ணே?" என்று கண்டக்டர் ஓடிவந்தார். சைக்கிள் நடுவுக்குச் சாய்ந்துவிட்டது. நான் விடவில்லை. அப்போதுதான் அந்த ஹெல்மெட் திரும்பியது. லாரியைப் பார்த்ததும் அவள் ஹாண்டிலை வெட்டி, வேனின் முதுகில் மோதி, அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முழம் தள்ளி லாரி கடந்து போனது.

நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடினேன். முழங்கை சிராய்த்திருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"நீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"தெரியும்."

"விடாம அடிக்கவும், இது நீங்க இல்ல, எவனோ பைத்தியக்காரன்னுதான் திரும்புனேன்."

"நாளைலேருந்து பஸ்லயே வாயேன். உனக்கு சீட் பிடிச்சு வைக்கச் சொல்றேன்" என்று கெஞ்சினேன்.

"மாட்டேன். ஒரு மாசமா நான் ரோட்டையே பாக்கலங்க, உங்களை நம்பியே ஓட்டியிருக்கேன். இனிமே எனக்கு ஹார்ன் அடிக்காதீங்க." பின்னால் வண்டிகள் கத்த ஆரம்பித்திருந்தன. "போங்க, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

மறுநாள் அதே ஏற்றம். வேன் இருந்த இடத்தில் ஒரு கார் நின்றது. அவள் முன்னால், நான் பின்னால். கை ஹார்ன் பக்கம் போய்விடாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். காரை நெருங்குவதற்கு வெகு முன்பே அவள் திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இவன் நிறுத்துவானா, ஏற்றிவிட்டுப் போவானா என்று முன்பின் தெரியாத டிரைவரை எடைபோடும் பார்வை அது. பதினாறு வருஷப் புருஷன் என்று எந்தச் சலுகையும் அதில் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பிரேக்கை மிதித்தேன். பஸ் முழுசாக நின்ற பிறகுதான் அவள் நடுவுக்கு வந்தாள்.